ரத்தத்துல சுழி பார்க்கிற பேரனுக்கு

வா கண்ணு, உக்காரு. அந்த லேப்டாப்பைக் கொஞ்சம் மூடி வை, அது ஒண்ணும் ஓடிப் போயிராது. உங்கம்மா எல்லாஞ் சொன்னா. ஊர்ல நம்ம கட்டுத்தரையில நிக்கிற காளை வேணும்னு கேட்டியாமே? காளைகூட வேண்டாம், அதும்பட ரத்தம் இருந்தாப் போதும்னியாம். மாடு கேட்டு வந்தவனைப் பார்த்திருக்கேன். சாணி கேட்டு வந்தவனையும் பார்த்திருக்கேன். கோமியத்தைப் பாட்டில்ல அடைச்சு வெலை போட்டு விக்கிறவனை இதே வைட்ஃபீல்ட்ல பார்த்தாச்சு. ரத்தங் கேட்டு வந்த மொதல் ஆளு நீதான். நம்ம வம்சம் எதுலயும் ஒரு படி முந்தித்தான் போகும்.

நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், தப்பா இருந்தா நிறுத்து. பால்குடி மறந்த கன்னுக்குட்டிக்குக் கொஞ்சம் ரத்தம் எடுக்கிறது. அதுல ஹார்மோன் எத்தனை இருக்குன்னு லேப்ல பார்க்கிறது. நம்பர் நல்லா வந்தா அவன் பூச்சிக்காளை, ஊர்ப் பசுவுக்கெல்லாம் மாப்பிள்ளை. வரலைன்னா காயடிச்சு வண்டிக்கு. கன்னு வளர்ந்து, பசு சேர்ந்து, அது போடற கன்னையும் பார்த்து முடிவு பண்ண வருசக்கணக்காகிற காரியத்தை ஒரு வாரத்துல முடிச்சிரலாம். அதுக்கு ஒரு ஆப், ஆப்புக்கு ஒரு பேரு, பேருக்கு ஒரு லோகோ. லோகோ ரெடி, மாடுதான் பாக்கி. சரிதானே?

ஆபீஸ் பையன் மாட்டைத் தேடிக் கெளம்பிட்டானேன்னு உங்கம்மா பொழுதுக்கும் வெசனப்படறா. நாந்தான் சமாதானம் சொன்னேன். இந்த ஊரே அப்படிப் பொறந்ததுதான் தாயீன்னேன். 1882-ல் டி.எஸ். ஒயிட்னு ஒருத்தர், மைசூர் குடகு ஆங்கிலோ இந்தியர் சங்கத்தை ஆரம்பிச்சவர், எங்க பசங்க உத்தியோகத்தையே நம்பிக் கெடக்காம ஏர் பிடிச்சுச் சொந்தக் கால்ல நிக்கட்டும்னு மகராசா சாமராஜேந்திர உடையார்கிட்ட நெலங் கேட்டார். 3,900 ஏக்கர் கெடைச்சது. வட்டமா ரோடு, ரோட்டைச் சுத்தி வீடு, வீட்டைச் சுத்தித் தோட்டம்னு வரைபடம் அமோகமாத்தான் போட்டாங்க. வெவசாயந்தான் நெனச்ச அளவுக்கு எடுபடலை. நூறு வருசஞ் சொச்சம் கழிச்சு அந்தப் பக்கத்துலயே ஐ.டி. பார்க் வந்துச்சு. இப்ப அதுக்குள்ள உக்காந்திருக்கிறவனுக்கு மறுபடியும் ஏர் மேல ஆசை. நீ ஊர் வழக்கத்தை மீறலை கண்ணு.

காந்திகூட 1927-ல் உடம்பு சரியில்லாம ஓய்வுக்குப் பெங்களூர் வந்தவர், சும்மா படுத்திருக்காம இம்பீரியல் பால்பண்ணைக்குப் போய் மாடு வளர்க்கப் பாடங் கேட்டார். அங்கத்திப் பதிவேட்டுல சபர்மதி விவசாயின்னு எழுதிட்டு வந்தாராம். உன்ற விசிட்டிங் கார்டை எடுத்துப் பார்த்தேன். கோ-ஃபவுண்டர், சீஃப் ஜெனட்டிக்ஸ் ஆபீசர்னு இருக்கு. மாடு ஒண்ணுகூட இல்லாம ஆபீசர் ஆனது நம்ம குடும்பத்துல நீதான்.

சரி, வெளையாட்டு போகட்டும். எதுக்குப் பொறுக்கறே, அதைச் சொல்லு மொதல்ல.

நீ படிக்கிறதெல்லாம் கறிக்கு மாடு வளர்க்கிற தேசத்துச் சமாச்சாரம். ஆஸ்திரேலியாக்காரனுக்கும் அமெரிக்காக்காரனுக்கும் என்ன வேணும்கிறது தெளிவு. தீனி கம்மி, கறி சாஸ்தி. உன்ற கம்பெனி இருக்கிற கர்நாடகாவுல 2020-ல் போட்ட சட்டப்படி பசு, கன்னு, காளை, எருது எதையும் அறுக்கக் கூடாது. எருமைன்னாலும் 13 வயசு தாண்டோணும். இந்தியாவுல இருந்து கப்பலேறிப் போறது எருமைக்கறி. அப்புறம் கறிக்குப் பொறுக்கற கணக்கைத் தூக்கிட்டு காங்கேயம் காளைகிட்ட வந்தா அவன் என்ன பண்ணுவான்? பாலுக்குன்னு சொல்லுவே. காங்கேயம் பசு கன்னுக்கு விட்டது போகக் கறக்கிற பாலு உங்க அடுக்குமாடியில ஒரு மாடிக்குக் காப்பிக்குக் காணாது. வேலைக்குன்னு சொல்லுவே. கவலை ஓட்டித் தண்ணி எறைச்சது எங்கப்பன் காலம். ரேக்ளாவுக்குன்னா அது வேற பொறுக்கு. எல்லாத்துக்கும்னு மட்டும் சொல்லிராதே. எல்லாத்துக்கும் பொறுக்கறவன் எதுக்கும் பொறுக்கலை.

இந்த மைசூர்ச் சீமையில ஹைதர் அலிக்கும் திப்புவுக்கும் அந்தக் கொழப்பமே இருக்கலை. அம்ரித் மஹால் மந்தை எதுக்கு? பீரங்கியும் மூட்டையும் இழுத்துட்டுப் பட்டாளத்தோட ஓடறதுக்கு. சிதம்பரத்துக்கு உதவிக்குப் போறப்ப இந்த மாட்டை வச்சுத்தான் ஹைதரோட படை ரெண்டரை நாள்ல 100 மைல் போச்சுன்னு வெள்ளைக்காரன் ஏட்டுல எழுதியிருக்கான். வெல்லிங்டன் பிரபுவும் அப்புறம் இதையே நம்பித்தான் சண்டைக்குப் போனார். நூறு மைல்ல எது படுத்துது, எது நின்னுதுன்னு பார்த்தவனுக்கு லேப் எதுக்கு?

இப்ப உன்ற ஐ.ஜி.எஃப்-1 கதைக்கு வர்றேன். அப்புச்சிக்கு இங்கிலீசு வராதுன்னு நெனச்சுத்தானே ஃபோல்டரைத் தொறந்து போட்டுட்டுத் தூங்கப் போனே? பாதி நானே எழுத்துக் கூட்டிப் படிச்சேன், மீதியை உன்ற தங்கச்சிகிட்டக் கேட்டுக்கிட்டேன். அந்தப் புள்ளைக்கு உன்னைவிடப் பொறுமை சாஸ்தி.

மூளைக்கு அடியில இருக்கிற சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை அனுப்புது. அது போய் ஈரலுக்கு உத்தரவு போடுது. ஈரல் இந்த ஐ.ஜி.எஃப்-1-ஐச் சுரந்து ரத்தத்துல விடுது. அது எலும்பையும் சதையையும் வளருங்கடான்னு வெரட்டுது. மாட்டுக்கு மாடு அளவு கூடக்கொறைய இருக்கும், அப்பன் ஆத்தாகிட்ட இருந்து ஓரளவு எறங்கியும் வரும். இது வெறும் பேச்சில்லை. ஒஹாயோ மாகாணத்துல பெல் வேலிங்கிற ஊர்ப் பண்ணையில 1989-ல் இருந்து ஆங்கஸ் மாட்டை ரெண்டு கட்சியாப் பிரிச்சு வளர்த்தாங்க. அளவு சாஸ்தி இருக்கிறது சாஸ்தி இருக்கிறதோட, கம்மி இருக்கிறது கம்மியோட. கட்சி ரெண்டும் வெலகித்தான் போச்சு. ஆகக்கூடி ரத்தத்துல இருக்கிற நம்பரைப் பொறுக்கிப் பொறுக்கி ஏத்தவும் எறக்கவும் முடியும். அந்தக் கூட நம்பரை வச்சுச் சந்தையில ஒரு கட்டுச் சோளத்தட்டு வாங்க முடியுமா? நம்பரோட சேர்ந்து வேற ஏதாச்சும் நகர்ந்தாத்தானே அதுக்கு மதிப்பு?

அந்த வேற ஏதாச்சும் என்னன்னா, தீனி. 1963-ல் கோக்குங்கிறவரும் கூட இருந்தவங்களும் ஒரு கணக்குச் சொன்னாங்க. இந்த எடையில இருக்கிற மாடு, இந்த வேகத்துல வளர்ந்தா, இத்தனை தீனி தின்னிருக்கோணும்னு ஒரு அளவு வரும். நெசமாத் தின்னதுல அதைக் கழிச்சா மிச்சம் எத்தனை? மிச்சம் கூட்டல்ல வந்தா தின்னிப்பண்டாரம், கழித்தல்ல வந்தா தங்கமான மாடு. அருமையான கணக்கு, நான் ஒத்துக்கிறேன். எங்க காலத்துலயும் ரெண்டு கன்னு ஒரே தாழியில தின்னு, ஒண்ணு மெருகேறி நிக்கும், ஒண்ணு விலா எலும்பைக் காட்டும். ஆனா இந்தக் கணக்கைப் போடோணும்னா ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்தனியாத் தீனி எடை போடோணும். பழக்கறதுக்கு மூணு வாரம், அப்புறம் அளக்கறதுக்கு 70 நாள். அந்தச் செலவுக்கு ஆஸ்திரேலியாக்காரனே அசந்து போய்க் குறுக்கு வழி தேடினான்.

குறுக்கு வழி கெடைச்சது. ஆங்கஸ் கன்னுகள்ல ஐ.ஜி.எஃப். கம்மியா இருக்கிற வம்சம் அந்த மிச்சக் கணக்குலயும் நல்லா வருதுன்னு 2000-த்தோட தொடக்கத்துல கண்டாங்க. மரபு வழித் தொடர்பு 0.4 அளவுக்கு வந்துச்சு. முழுசா ஒட்டியிருந்தா 1, ஒட்டே இல்லைன்னா 0, அதுல 0.4. கவனிச்சியா, இங்க வேண்டியது கம்மி நம்பர்! வளரச் சொல்ற சரக்கு கம்மியா இருக்கிற கன்னுதான் கெட்டிக்காரக் கன்னு. பிரைம்குரோன்னு பேரு வச்சுச் சோதனையைக் கடைக்கே கொண்டு வந்துட்டாங்க. 70 நாள் எடை போடற எடத்துல ஒரே ஒரு ஊசி. உன்ற முகம் மலருதே, இரு.

அப்புறம் வயசு கூடின மாட்டுல அளந்தாங்க. கொட்டகையில தானியம் போட்டுக் கொழுக்க வைக்கிற மாட்டுல அளந்தாங்க. நம்ம திமில் மாட்டு வம்சத்துல வந்த பிராமன் மந்தையில அளந்தாங்க. ஒரு மந்தையில இருந்த தொடர்பு இன்னொரு மந்தையில காணாமப் போச்சு. கன்னாய் இருக்கிறப்பப் பேசின நம்பர் வளர்ந்த பிறகு வாயைத் தொறக்கலை. கடைசில அந்தச் சோதனையை ஓரங்கட்டிட்டு மறுபடியும் தொட்டிக்கும் தராசுக்கும் திரும்பினாங்க. உன்ற பிரசன்டேசன்ல மொதல் பாதி இருக்கு, கலர் கலராப் படம் போட்டு. ரெண்டாம் பாதியைக் காணோம். முதலீடு போடறவன் ரெண்டாம் பாதியைப் படிக்க மாட்டான்னு நம்பிக்கை போல.

இதுக்கெல்லாம் நீ வெட்கப்பட வேண்டியதில்லை சாமி. நாங்களும் இதையேதான் பண்ணினோம். என்ன, நீ ரத்தத்துல பார்க்கிறதை நாங்க முடியில பார்த்தோம்.

கண்ணபுரம் மாரியம்மன் நோம்பிச் சந்தைக்கு உன்னைக் கூட்டிட்டுப் போகோணும். வாங்கறவன் காளையை ஒரு சுத்துச் சுத்துவான். வாயைப் பொளந்து பல்லுப் பார்ப்பான், ரெண்டு பல்லா நாலு பல்லான்னு. கொளம்பைத் தட்டுவான். வாலைப் பிடிச்சு நுனியைப் பார்ப்பான். நடக்க விட்டுப் பின்னங்கால் எங்க விழுதுன்னு பார்ப்பான். இதெல்லாம் வெவரமான காரியம், ஒத்துக்கோ. அதுக்கப்புறம் குனிஞ்சு சுழியைத் தேட ஆரம்பிப்பான். முதுகுத்தண்டுல முடி மேல நோக்கிப் போனா ஏறுபூரான், வீடு ஏறும். கீழ நோக்கிப் போனா எறங்குபூரான், வீடு எறங்கும். ராஜ சுழின்னா கண்ணை மூடிட்டு வாங்கு. பாடைச் சுழின்னா எழவு விழும். பெண்டிழந்தான் சுழின்னு ஒண்ணு இருக்கு, வாங்கினவன் பொண்டாட்டி தங்க மாட்டாள்னு சொல்லுவாங்க. அந்தச் சுழி இருக்கான்னு தேடித் தேடி வாங்கின ஆளுங்களும் உண்டு, அதை உங்கம்மா இல்லாதப்பச் சொல்றேன். கடைசில தரகன் துண்டைப் போட்டு, அதுக்குள்ள கையை விட்டு, விரலைப் பிடிச்சு வெலை பேசுவான். சுழிக்கு ஒரு வெலை, சுழி இல்லாததுக்கு ஒரு வெலை.

சிரி, நல்லாச் சிரி. அப்புறம் உன்ற ஸ்லைடை எடு. நல்ல அடையாளத்துக்கு என்னென்ன குணம் வேணும்னு போட்டிருக்கே? மாட்டுக்கு மாடு வித்தியாசப்படோணும். சுழி படுது. சின்ன வயசுலயே தெரியோணும். பொறந்த அன்னைக்கே தெரியுது. திரும்பத் திரும்ப அளந்தாலும் மாறக் கூடாது. ஆயுசுக்கும் மாறாது. செலவு கம்மியா இருக்கோணும். கண்ணு இருந்தாப் போதும். நீ போட்ட பரீட்சையில சுழி பாஸ் பண்ணிருச்சே கண்ணு! அது ஃபெயிலானது ஒரே ஒரு பாடத்துல. ஏறுபூரான் மாடு வாங்கின வீடு எத்தனை ஏறிச்சு, எத்தனை எறங்கிச்சுன்னு நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தவன் எவனும் இல்லை.

எழுதிப் பார்த்தவங்க கடைசில வெள்ளைக்காரங்கதான். 1995-ல் கொலராடோவுல டெம்பிள் கிராண்டின்னு ஒரு அம்மா, கூண்டுக்குள்ள பிடிச்சு நிறுத்தின மாடுகளோட நெத்திச் சுழி எங்க இருக்கு, மாடு எத்தனை துள்ளுதுன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதினாங்க. கண்ணுக்கு மேல சுழி இருக்கிறது கீழ இருக்கிறதைவிடச் சாஸ்தி துள்ளிச்சு. பார்த்தியா வேடிக்கையை! முடியில பார்த்த நெத்திச் சுழி ஒரு காரியத்துலயாச்சும் தேறிருச்சு. ரத்தத்துல பார்த்த ஐ.ஜி.எஃப். வீட்டுக்குப் போயிருச்சு.

ஹார்மோனை நாங்க பார்க்காம இல்லை. காங்கேயம் கன்னு பொறக்கறப்பச் செவப்பா இருக்கும், ஆறு மாசத்துக்குள்ள வெளுத்து மயிலையாயிரும். காளங்கன்னு வளர வளர திமில்லயும் முன்னந்தொடையிலயும் பின்னந்தொடையிலயும் கருப்பேறும். காயடிச்சு எருதாக்கிட்டா அந்தக் கருப்பு நிக்காது, சாம்பலாயிரும். எங்க டெஸ்டோஸ்டீரோன் திமில் மேலயே எழுதியிருக்கும், லேப் ரிப்போர்ட்டு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அது அன்னன்னைக்கு ரத்தமில்லை, பல மாசத்துக் கணக்கு மொத்தமா முடியில படிஞ்சது.

உன்ற ஊசியில வர்றது அந்த நிமிசத்துக் கணக்கு. மூளைக்கு அடியில இருக்கிற அதே சுரப்பியில இருந்து எல்.எச்.ங்கிற உத்தரவு வந்தப்பெல்லாம் காளை ரத்தத்துல டெஸ்டோஸ்டீரோன் ஒரு எழும்பு எழும்பும், அப்புறம் தணியும், நாளுக்குப் பல தடவை. விடியக்கால ரத்தத்துல பூச்சிக்காளையா இருந்தவன் பத்து மணி ரத்தத்துல வண்டி மாடாயிருவான். அதைச் சரிக்கட்ட, அந்த எல்.எச்-சைக் கெளப்பி விடற ஜி.என்.ஆர்.எச். ஊசியைப் போட்டு எத்தனை உசரம் எழும்புதுன்னு பார்க்கிற முறையும் இருக்கு. ஆனா அதுக்கு ஒரே காளையை மணிக்கணக்குல பிடிச்சு வச்சுத் திரும்பத் திரும்பக் குத்தோணும். கார்டிசாலைச் சொல்லவே வேண்டாம். நீ ஷூ சத்தத்தோட கட்டுத்தரைக்குள்ள வந்தாலே ஏறிரும். அளந்தது மாட்டோட குணமா, உன்னைப் பார்த்த பயமாங்கிறதை ரிப்போர்ட்டுல எந்தக் கட்டத்துல போடுவே?

காளையோட வீரியந்தான் தெரியோணும்னா டேப்பு போதுமப்பா. எடின்பரோவுல ஆர்.பி. லேண்டுங்கிறவர் 1970-கள்ல ஒரு யோசனை சொன்னார். ஆணுக்கு விதையை வளர்க்கிற அதே உத்தரவுதான் பொட்டைக்குக் கருமுட்டையை வளர்க்குது. அதனால அண்ணனை அளந்தாத் தங்கச்சியைத் தெரிஞ்சுக்கலாம்னார். கறி மாட்டுலயும் பார்த்தாங்க. விதைப்பைச் சுத்தளவு பெருசா இருக்கிற காளைக்குக் கூடப்பொறந்த கெடேரிங்க சீக்கிரமாப் பருவத்துக்கு வந்துச்சு. இன்னைக்கு கறி மாடு வளர்க்கிற தேசத்துலயெல்லாம் அந்தச் சுத்தளவு வம்சப் புத்தகத்துல ஏறுது. ஹார்மோனே செஞ்ச வேலைதான், ஆனா செஞ்சு முடிச்ச பிறகு அளக்கறோம். உனக்கு வேணும்னா தையக்கடையில ஒரு டேப்பு வாங்கிக்கோ. உங்கம்மா ஜாக்கெட் டேப்பை எடுத்துட்டுப் போயிராதே.

பொட்டைக் கன்னுக்கு நீ சொல்ற ஏ.எம்.எச். கொஞ்சம் வெவரமான சரக்கு, அதை மறுக்க மாட்டேன். கருப்பையில, இல்லை இல்லை, முட்டைப்பையில இருக்கிற சின்னச் சின்ன முட்டைக்கூடு சுரக்கறது அது. கூடு நெறைய இருந்தா நம்பர் சாஸ்தி. மாட்டுக்கு மாடு ரொம்ப மாறும், ஆனா ஒரு மாட்டுல இன்னைக்கும் அடுத்த மாசமும் பெருசா மாறாது. மரபு வழியும் நல்லாவே எறங்குது. அதுலயும் நம்ம திமில் மாட்டுக்கு வெள்ளைக்காரன் மாட்டைவிடக் கூடு சாஸ்தி. நம்ம ஓங்கோல் மாடுதான் பிரேசில் போய் நெல்லூர்னு பேரோட அந்தத் தேசத்துக் கறிக்கே அஸ்திவாரமாச்சு. பிரகாசம் ஜில்லா கரவடிங்கிற ஊர்ப் பேரைச் சுமந்துட்டு 1960-கள்ல கப்பலேறின கரவடிக் காளை அங்க பெரிய வம்சத்தோட மூதாதை. இப்ப அங்க நெல்லூர்ப் பசுவுல முட்டை எடுத்து லேப்ல கரு வைக்கிறவன், எந்தப் பசு சாஸ்தி முட்டை குடுக்கும்னு தெரிஞ்சுக்க இந்த ஏ.எம்.எச்-சைப் பார்க்கிறான். அவனுக்கு அது ஒதவும். முட்டை எடுக்கறதுதான் அவன் தொழிலே. உன்ற தொழில் என்ன?

இதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு, காது குடுத்துக் கேளு. அயர்லாந்துல கறி மாட்டுக் கெடேரிங்களுக்குச் சினை பிடிச்ச மொதல் மூணு மாசஞ் சொச்சம் தீனியைக் கொறைச்சுக் குடுத்துப் பார்த்தாங்க, உடம்பைக் காப்பாத்த வேண்டிய அளவுல பத்துக்கு ஆறு பங்குதான். அப்புறம் நல்லாவே குடுத்தாங்க. பொறந்த கன்னுங்க எடையில ஒண்ணும் கொறைச்சலில்லை. ஆனா அந்தப் பொட்டைக் கன்னுங்களுக்கு முட்டைக்கூடு கம்மி, ஏ.எம்.எச். கம்மி. ஆத்தா வயித்துல இருக்கிறப்பப் பட்ட பட்டினி மகளோட ரத்தத்துல நம்பராய் நிக்குது.

இப்ப நம்ம கொறங்காட்டை நெனச்சுப் பாரு. மழை பேஞ்ச வருசம் கொழுக்கட்டைப் புல்லு முட்டி உசரம். பொய்ச்ச வருசம் வெள்வேலங்காயைத் தட்டிப் போட்டுத்தான் மாட்டைக் காப்பாத்தோணும். அந்த வருசம் சினையா நின்ன பசுவோட கெடேரிக்கு நீ ஊசி போடுவே, நம்பர் கம்மியா வரும், வம்சமே சரியில்லைன்னு ஆப்புல செவப்பு லைட்டு எரியும். மழை பண்ணின காரியத்துக்கு வம்சத்தைக் கழிச்சுக் கட்டுவே. இந்தப் பக்கம் வர்த்தூர் ஏரியோரத்துல சாக்கடைத் தண்ணியில தளதளன்னு வளர்ற புல்லைத் தின்ன மாட்டுக்குப் பச்சை லைட்டு எரியும். ஏரி நொரைக்கு மார்க்குப் போட்டுட்டு மரபணுவுக்குப் போட்டேன்னு நெனச்சுக்குவே. ஒரே வருசம், ஒரே காடு, ஒரே தீனியில வளர்ந்த கன்னுங்களுக்குள்ள ஒப்பிட்டாத்தான் நம்பருக்கு ஒரு அர்த்தம். அப்படி ஒப்பிட எத்தனை கன்னு வேணும், எத்தனை வீட்டுக் கட்டுத்தரை வேணும்னு யோசிச்சியா?

அதுக்கு நோட்டு வேணும் கண்ணு. எந்தப் பசு, எந்தக் காளை, என்னைக்குச் சேர்ந்துச்சு, என்னைக்கு ஈன்னுச்சு, கன்னு எடை எத்தனை, அடுத்த சினை எப்பப் பிடிச்சுச்சு, வண்டியில எத்தனை பாரம் இழுத்துச்சு. இதெல்லாம் நம்மூர்ல பாதிப் பேரு மனசுல வச்சிருக்கான், மீதிப் பேரு செத்துப் போயிட்டான். பாளையக்கோட்டைப் பட்டக்காரர் மந்தைக்கு ஏன் அத்தனை பேரு? தலைமுறை தலைமுறையா ஒரே வீட்டுல, ஒரே கண்ணு பார்த்துப் பொறுக்கினதால. நீ ஹார்மோனுக்கே இத்தனை குதிக்கிறே. ஹைதராபாத் ஆராய்ச்சி நிலையத்துல 2021-லயே இண்டிகாவ்னு சிப்பு பண்ணி வெளியிட்டாச்சு. நம்ம நாட்டு மாட்டுக்குன்னே 11,496 மரபணு அடையாளம் அதுல. கேக்க அமர்க்களமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பதினோராயிரத்துல எது பாலுக்கு, எது பாரத்துக்கு, எது சினைக்குன்னு சிப்புக்கு யாரு சொல்லுவா? ஆயிரக்கணக்கான மாட்டோட நோட்டுதான் சொல்லோணும். நோட்டில்லாத சிப்பு ஏறுபூரான் எறங்குபூரானை இன்னும் பொடி எழுத்துல காட்டும், அவ்வளவுதான். ஆப் எழுதத் தெரிஞ்சவனாச்சே நீ, அந்த நோட்டை ஆப்பாப் பண்ணு. வண்டிக்காரனும் பால்காரியும் ஒரு கையில கவுத்தைப் பிடிச்சுட்டு இன்னொரு கையில தட்டற மாதிரிப் பண்ணு. அதுக்கு எவனும் முதலீடு போட மாட்டான்ங்கிறியா? அது என்னவோ நெசந்தான். நோட்டுக்கு லோகோ நல்லா அமையாது.

மூஞ்சியைத் தூக்காதே. ரத்தம் தர மாட்டேன்னு நான் சொன்னேனா?

தர்றேன். கொஞ்சம் ஒப்பந்தம் இருக்கு. 2021 நவம்பர்ல இதே பெங்களூர் ஜி.கே.வி.கே. கிருஷி மேளாவுல ஒரு ஹள்ளிகார் காளைக்கு 1 கோடி ரூவான்னு பேப்பர்காரன் எழுதினான், விந்து ஒரு குச்சி 1,000 ரூவான்னு போட்டான். நம்ம மயிலைக்காளை அவனுக்கு எந்த வெதத்துல எளைச்சவன்? ஊசி ஒண்ணுக்கு அதே 1,000 வச்சுக்கலாம், சொந்தக்காரன்னு கூடக் கேக்கலை. ஒரு நாளைக்கு ஒரு தடவை எடுத்தாப் பத்தாதுன்னு இப்பத்தானே பேசினோம், அதனால நாளுக்கு எத்தனை ஊசின்னு நீயே கணக்குப் போட்டுக்கோ. எடுக்கிற வரைக்கும் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் கம்பெனிச் செலவு. அவனோட கன்னு அத்தனையும் ரெண்டு பல்லு விழற வரைக்கும் நீ வந்து எடை போட்டு எழுதோணும், ஆளை அனுப்பக் கூடாது. கவுத்தைப் பிடிக்க உன்ற கோ-ஃபவுண்டரை வரச் சொல்லு. அந்தப் பையன் அரைக்கால் டவுசர்ல வர்றான், முழுக்காலா ஒண்ணு வாங்கிக் குடுத்துக் கூட்டிட்டு வா. அட்வான்ஸை நோட்டாவே குடுத்திரு கண்ணு. யூ.பி.ஐ-ல போட்டா உங்க அம்மிச்சி போனுக்கு மெசேஜ் போயிரும்.